ஒரம்பரைச் சோறும் உன் அம்மாவின் கும்மியும்

கண்ணு, இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அங்கே புனேயில் சுகமாக இருப்பாய். சொல்வது நான், எழுதுவது உன் அம்மா. எனக்குப் பஸ்ஸைக்கூட நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் பேசுகிறபடியே எழுது என்றால், "அப்படியெல்லாம் எழுதினா டீச்சர் அடிப்பாங்க" என்று இந்த வயதிலும் பள்ளிக்கூடத்துத் தமிழில்தான் எழுதுகிறாள். எழுதட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "சரிங்கப்பா, சரிங்கப்பா, அம்மாகிட்டக் குடுங்க" என்கிறாய். கடிதத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நான் முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்குப் பொறாமை. உன் மேல் பொறாமை, உன் அம்மா மேல் பொறாமை, அவளுக்குக் கும்மி சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் மேல் பொறாமை. அவள் காலையில் நடக்கிற ரோட்டின் மேல்கூடப் பொறாமை. இதைச் சொன்னதும் உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "இதையுமா எழுதறது?" என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன். பங்காளி வீட்டுத் தென்னை என் தென்னையைவிட அதிகம் காய்த்த வருஷம்கூட எனக்கு வயிறு இப்படி எரிந்ததில்லை.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது ஆரம்பித்தது இது. உன் அம்மாவைப் பொள்ளாச்சியில் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாய். முட்டி தேய்ந்திருக்கிறது, சர்க்கரையும் ஏறிக்கொண்டு வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் குறைத்தால் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், மாத்திரையையும் கூட்ட வேண்டியிருக்காது என்று அந்தம்மா சொன்னார்களாம். "சொன்னார்களாம்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், என்னை நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு மத்தியானம் நீ சமையற்கட்டில் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். நான் முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருப்பாய். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன் கண்ணு. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"எத்தன கிலோ கொறையோணும்கறதை அப்பறம் பாக்கலாம்மா. கொறைஞ்சா நீ என்ன பண்ணோணும்னு ஆசைப்படறே? அதை மொதல்ல சொல்லு" என்றாய்.

"எனக்கென்ன கண்ணு ஆசை, இந்த வயசுல."

"சும்மா சொல்லும்மா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "பக்கத்தூட்டு சரசக்காவெல்லாம் கும்மி பழகப் போறாங்க. அரங்கேத்தத்துல எல்லாருமாட்ட ஒரே கலர் சீலை கட்டிட்டு, கடைசி வரைக்கும் உக்காராம ஆடோணும்னு இருக்குது."

எனக்கு ஞாபகசக்தி எப்படி என்று ஊரே அறியும். நான் பெண் பார்க்கப் போன அன்று உன் அம்மா கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை, கரையில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. தேங்காய்க் களத்தில் எந்த லாரி எந்த மழையில் சிக்கியது, எந்த வியாபாரி எந்தக் கொப்பரையை எடைபோட்டபோது பொய் சொன்னான், எல்லாம் இருக்கிறது. படிக்காதவனுக்கு மண்டைதானே பெட்டி. அந்தப் பெட்டி முழுக்கத் தேடிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் கும்மி என்ற சொல்லை அவள் என்னிடம் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. நீ ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்தாய், சொல்லிவிட்டாள். நான் கேட்டதே இல்லையே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் சொன்னாளே என்பதுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு நீ சொன்னதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எடை மெஷினில் தெரிகிற எண்ணைத் துரத்தாதே அம்மா, கும்மியைத் துரத்து என்றாய். முதலில் தோப்பு முடிகிற இடம் வரை நட, அது சுலபமானதும் ரேஷன் கடை, பிறகு பொன்மலைக் கோயில் வளைவு. முட்டி வீங்கினால் அன்றைக்கு நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரே ஒரு தரம் எடை பார், தினமும் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு வாரம் குறையாவிட்டால் அழாதே. ஒரு வேளையும் பட்டினி கிடக்காதே. கீரையும் காயும் தட்டில் பாதி, பருப்போ முட்டையோ கொஞ்சம், சோறு ஒரு கரண்டி. நன்றாகத் தூங்கு. இதில் என்ன குற்றம் சொல்வது? குற்றமில்லாமல் பேசுகிற மகன் மேல் அப்பனுக்கு எவ்வளவு கோபம் வரும் என்பது உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும்.

அப்புறம்தான் நீ சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாய். "நாம மூணு பேருதானம்மா. இது யாருக்கு?"

"ஒரம்பரை வந்தா வேணுமல்லொ கண்ணு."

"ஒரம்பரை வந்து எத்தன நாளாச்சு?"

அவள் பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப தெனமும் இதை யாரு சாப்புடறாங்க?"

நீ எழுந்து வந்து, கதவு நிலையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அந்தச் சோற்றின் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் மத்தியானம் உன் தாய்மாமன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சட்டி காலி. உன் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய்ச் சோறு வாங்கி வந்தாள். மைத்துனன் முன்னால் எனக்குத் தலை தொங்கிவிட்டது. அன்றைக்குச் சொன்னேன்: இந்த வீட்டில் எப்போது உலை வைத்தாலும் விருந்தாளி ஒருவருக்குச் சேர்த்து வைக்க வேண்டும், ஒரம்பரை என்று வந்தவர் ஒருவரும் சோறு இல்லாமல் திரும்பிப் போகக் கூடாது. அந்தக் காலத்தில் அதற்கு ஆள் இருந்தது. தேங்காய் வாங்கப் பாலக்காட்டிலிருந்து வியாபாரிகள் வருவார்கள், களத்தில் என்னோடு உரிக்கிறவர்கள் வருவார்கள். இப்போது யார் வருகிறார்கள்? வருகிறவர்களும் முன்னாலேயே போன் செய்துவிட்டு, பைபாஸ் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, "ஒரு காப்பி போதுங்க" என்கிறார்கள். ஆனால் உலையில் அந்த அரிசி விழுந்துகொண்டேதான் இருந்தது. உன் அம்மாவுக்குச் சோற்றைக் கொட்ட மனசு வராது. மாட்டையும் விற்றாகிவிட்டது. வராத விருந்தாளியின் பங்கை மத்தியானம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காலையில் கொஞ்சம் என்று அவளே தின்று தீர்த்திருக்கிறாள். அவள் கனத்துக்கொண்டே வந்தாள். பார்த்தவர்கள், "ஊட்டுக்காரியை நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் உடம்பில் ஏறியிருந்தது அவள் வாய் ருசி இல்லை கண்ணு, என் மரியாதை.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என்ன செய்தேன்? "ஒரம்பரைச் சோத்துல மட்டும் கை வெக்காதே!" என்று கத்தினேன். நீ சத்தம் போடாமல், "வந்தவங்களுக்குப் பத்து நிமிசத்துல உப்புமாக் கிண்டினா ஆகாதுங்களா அப்பா? இல்லீன்னா அந்தப் பங்கை நீங்க சாப்புடுங்க" என்றாய். நீ ஊருக்குப் போன பிறகு நானும் பிடிவாதமாக, வழக்கம்போல் ஆக்கு என்றேன். அவளும் ஆக்கினாள். ஆக்கி, அந்தப் பங்கையும் என் தட்டிலேயே கவிழ்த்தாள். "இன்னைக்கு ஒரம்பரை நீங்கதானுங்க, கூச்சப்படாமச் சாப்புடுங்க." நானும் விடவில்லை, தின்றேன். நாலாவது நாள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. "போதும், இனி ஆக்காதே" என்று நானே சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் அவள் எப்படிச் சுமந்தாள் என்று எனக்கு அந்த நாலு நாளில் தெரிந்தது. தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை. மகன் சொல்லி நடந்துவிட்டதே!

அவள் நடக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் கும்மிக்குப் போக ஆரம்பித்தாள். மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கிற காலி இடத்தில் பழக்குகிறார்கள். சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் சின்ன வயது, பகலில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறவர், குச்சி மாதிரி உடம்பு. வீட்டுக்கு வந்தால் உன் அம்மாவுக்கு அவர் பேச்சுதான். "வாத்தியார் சொன்னாருங்க, குனியறப்ப இடுப்பை மடக்கோணுமாம், முட்டியில பாரம் விடக் கூடாதாம்." "வாத்தியார் சொன்னாருங்க, தண்ணி நெறையாக் குடிக்கோணுமாம்." நான் சொல்லி இந்த வீட்டில் ஒரு மிளகாய்ச் செடிகூட முளைத்ததில்லை! ஒரு நாள் கோயில் பக்கம் போவது மாதிரி போய் எட்டிப் பார்த்தேன். அந்தப் பையன் மைக்கில் பாட்டை நிறுத்திவிட்டு, "அம்மணி, நல்லாக் கை தட்டறீங்க, அப்படித்தான்" என்கிறார். உன் அம்மா வெட்கப்பட்டாள். கொங்குநாட்டில் பால் ஊற்ற வருகிறவனும் அம்மணி என்பான், பஸ் கண்டக்டரும் அம்மணி என்பான், எனக்குத் தெரியாதா? ஆனால் கல்யாணமான வருஷம் நான் அவளை அம்மணி என்றுதான் கூப்பிட்டேன். பிறகு "இந்தா" ஆனது. பிறகு அதுவும் போய், கனைத்தால் திரும்புகிறாள் என்று ஆனது. அந்தச் சொல் இன்னொருவர் வாயில் மைக் போட்டுக் கேட்டபோது, என் பண்டம் ஒன்று சந்தையில் கிடப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏறுவாள். உடனே உனக்குப் போன். "அரைக் கிலோ கண்ணு!" என்பாள். நீ அங்கே கை தட்டுவது இங்கே எனக்குக் கேட்கும். ஒரு வாரம் ஒன்றும் குறையவில்லை. அன்றைக்காவது முகம் வாடும் என்று பார்த்தேன். "பரவால்ல, படி ஏறறப்ப மூச்சு வாங்கலை" என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள். அப்போதுதான் எனக்கு வெறி வந்தது. நானும் இப்போது தொப்பை வைத்தவன்தானே. தேங்காய் உரித்த காலத்தில் பலகை மாதிரி இருந்த வயிறு. இந்தப் பொம்பளை மாசக்கணக்கில் குறைப்பதை நான் ஒரே வாரத்தில் குறைத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வைத்திருக்கிறார்களே என்று காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் கொள்ளுத் தண்ணீர், ராத்திரி எதுவுமில்லை. உச்சி வெயிலில் தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏறி உன் அம்மாவைப் படிக்கச் சொன்னேன். "ரெண்டே முக்கால் கொறைஞ்சிருக்குதுங்க" என்றாள் பயந்த குரலில். "போடு போன், சொல்லு உன்ற மகன்கிட்ட" என்றேன். அன்றைக்கு நீ எனக்குக் கை தட்டவில்லை. "அப்பா, சாப்புடுங்க மொதல்ல" என்றாய். அடுத்த நாள் களத்து மேட்டில் கண் இருட்டி விழுந்தேன்.

ட்ரிப்ஸ் ஏற்றும்போது அதே டாக்டரம்மா கேட்டார்கள். "பெரியவரே, யாருங்க உங்களை இப்படிப் பட்டினி கெடக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. போட்டிங்க."

"யாரோட?"

"ஊட்டுக்காரியோடங்க."

அந்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு சொன்னார்கள்: "அவங்க கொறைக்கறது கொழுப்பு. நீங்க கொறைச்சது தண்ணியும் தசையும். உங்க வயசுக்கும் உங்க பிரஷருக்கும் வேற கணக்குங்க. ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் போட முடியுமா?" நீயும் இதைக் கேட்டுக்கொள் கண்ணு. ஆபீசில் கூட வேலை செய்கிறவன் ஓடுகிறான் என்று நீ ஓடாதே. உன் உடம்புக்கு எது தாங்குமோ அதை வை. போன தடவை நீ வந்து இறங்கியபோது, "எளைச்சுப் போயிட்டயே" என்று நான் கண் கலங்கினேன். "எளைக்கலீங்கப்பா, கொறைச்சிருக்கேன்" என்றாய். எனக்கு அந்த வித்தியாசம் அப்போது புரியவில்லை. களத்து மேட்டில் விழுந்த பிறகு புரிந்தது. நான் இளைத்தேன். உன் அம்மா குறைத்தாள்.

இனி சொல்லப் போவதுதான் கடிதத்தின் நடு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு நாள் படுத்திருந்தேன். உன் அம்மா நடக்கப் போகவில்லை, கும்மிக்குப் போகவில்லை. கஞ்சி வைத்தாள், கால் பிடித்தாள், பக்கத்திலேயே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்திருக்கவில்லை. "இன்னும் கிறுகிறுங்குது" என்றேன். அடுத்த நாளும் கிறுகிறுத்தது. அந்த வாரம் முழுக்கக் கிறுகிறுத்தது. அரங்கேற்றம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. தொடர்ந்து வராதவர்களை வரிசையில் நிறுத்த முடியாது என்று வாத்தியார் சொல்லியிருப்பதாகச் சரசக்கா வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. உன் அம்மா, "அவுருக்கு முடியலீங்க அக்கா. கும்மி எங்க போயிருது" என்றாள். நீ போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திரம் கழுவும்போது அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் கட்டிலில் இருந்து பார்த்தேன். ஒரு பாட்டு முழுவதும் போட்டது. எனக்கு அதற்கு மேல் படுக்க முடியவில்லை.

இந்த இடத்தில் உன் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். கோபமா என்று கேட்டேன்.

"தெரியுமுங்க" என்கிறாள்.

"என்ன தெரியும்?"

"கிறுகிறுப்பு. படுக்கையை உதறினா தேங்காய் பன்னுத் தூளாக் கொட்டுச்சு. கிறுகிறுங்கறவரு நான் தண்ணி புடிக்கப் போற நேரம் பாத்துப் பேக்கரிக்குப் போயிட்டு வர முடியுமாக்கும்?"

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"எனக்கும் முட்டி வலியாத்தான் இருந்துச்சு. சித்த ஓய்வெடுத்தாத் தேவலைன்னு இருந்துட்டேன். அப்பறம் நீங்க எத்தன நாளைக்குத்தான் படுத்திருப்பீங்கன்னு பாக்கலாம்னும் இருந்துச்சு." இதையும் எழுதிக்கொள் என்றேன். எழுதிவிட்டாள்.

அவள் கால் தாளம் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே அவளிடம் சொல்லாமல் கோயில் மைதானத்துக்குப் போனேன். வாத்தியார் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாமா, உக்காருங்க" என்று எழுந்தார். மாமாவாம்!

"உக்கார வரலீங்க தம்பி. என்ற ஊட்டுக்காரி வரலைன்னு வரிசையில இருந்து எடுத்துப்போடாதீங்க. தப்பு என்னுது."

"என்ன தப்புங்க?"

"சீக்குன்னு படுத்திருந்தனுங்க."

"சீக்கு ஒரு தப்பாங்க மாமா?"

"சீக்கு போனதுக்கப்பறமும் படுத்திருந்தனுங்க."

டீ புரைக்கேறிவிட்டது அவருக்கு. நான்தான் தலையில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன், கிடைத்த சந்தர்ப்பம். இருமல் நின்றதும் அவர் சொன்னார்: "அம்மணி நாளைக்கே வரட்டுங்க, நான் வரிசையில நிறுத்திக்கறேன். ஆனா விட்டுப்போன பாட்டைத் தனியாச் சொல்லித்தர எனக்கு நேரமில்லீங்க. அவங்களுக்குப் பாட்டுத் தெரியும், எதுருல நின்னு கை தட்ட ஒரு ஆளு வேணும். ஊட்ல தெனமும் நீங்க நில்லுங்க."

நின்றேன். தேங்காய் உரித்த கை, ஒவ்வொரு தட்டும் வெடி மாதிரி விழுந்தது, ஒன்றுகூடத் தாளத்தில் விழவில்லை. "அது இல்லீங்க, இப்ப இல்லீங்க, ஏனுங்க, சும்மா நில்லுங்களேன்!" என்று உன் அம்மா என்னைத் திட்டியபடியே வாசலில் சுற்றி வந்தாள். கல்யாணமானதிலிருந்து நான் அவளைத் திட்டியதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ அடுத்த தடவை யாருக்காவது இலக்கு வைத்துக் கொடுத்தால், அந்த வீட்டில் இருக்கிற மற்றவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் எடை குறையாது கண்ணு. சட்டி ஒன்று, அடுப்பு ஒன்று. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தவன் எதையாவது செய்துகொண்டேதான் இருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம் நடந்தது. வீடியோவை நீ பார்த்திருப்பாய். அதில் தெரியாததை நான் சொல்கிறேன். எல்லாரும் ஒரே நீலச் சேலை, தூரத்தில் எந்தத் தலை யாருடையது என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தது. பாதிக்கு மேல் போனதும் அவளுக்கு இடது முட்டி பிடித்துக்கொண்டது. குனியும்போது உதட்டைக் கடித்தாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், மனசின் ஒரு மூலை உட்காரட்டும் என்றது. உட்கார்ந்தால் நான் ஓடிப் போய்த் தாங்கலாமே. அவள் உட்காரவில்லை. வாத்தியார் பழக்கிவைத்த மாதிரி, குனிவதையும் குதிப்பதையும் விட்டுவிட்டு, கையை மட்டும் தட்டிக்கொண்டு வட்டத்தோடு நடந்தாள். வலி விட்டதும் மெதுவாகக் குனிய ஆரம்பித்தாள். கடைசிப் பாட்டு முடியும் வரை அவள் கால் நிற்கவில்லை. பக்கத்தில் நின்றவர், "அந்தம்மா யாருங்க, மூஞ்சியில அப்படியொரு வெளிச்சம்" என்றார். "என்ற ஊட்டுக்காரிங்க" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது, வயிறு எரிந்தது, ரெண்டும் ஒன்றாக. ஏனென்றால் அந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நீ பிறந்த அன்று வந்த வெளிச்சம்கூட வேறு.

பொள்ளாச்சிக்கும் போய் வந்தோம். இந்தத் தடவை நானும் உள்ளே உட்கார்ந்தேன். மாத்திரையைக் கூட்டவில்லை. ஆபரேஷன் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம், இதே மாதிரி போகட்டும் என்றார்கள். எனக்கும் தனியாக ஒரு கணக்குச் சொன்னார்கள்: மூன்று வேளையும் சாப்பாடு, பன் கிடையாது, வெயில் ஏறுவதற்குள் மெதுவாக நடை, பேச முடிகிற வேகத்தில்.

அரங்கேற்றம் முடிந்தால் உன் அம்மா நடையை விட்டுவிடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. மறுநாள் விடியும்போது செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "வாரீங்களா?" என்றாள். போனேன். தோப்பு தாண்டுவதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள். "நில்லு" என்று கூப்பிட வாயெடுத்தேன். அவள் வேகத்தை உடைக்கக் கூடாது என்று நீதானே சொல்லியிருக்கிறாய், வாயை மூடிக்கொண்டேன். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. என் ஆயுசில் அவள் முதுகை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எப்போதும் முன்னால் போகிறவன் நான். அந்த ரோட்டின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத உன் அம்மாவின் பள்ளிக்கூடத்துத் தமிழில் வார்த்தை இல்லை. ரேஷன் கடை எதிரில் எனக்கு மூச்சு வாங்கியது, கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், கோயில் வளைவைத் தொட்டுவிட்டு அவள் திரும்பி வருகிறாள். கையை வீசிக்கொண்டு, வேர்த்துப் போய், நேராக என்னைப் பார்த்து வருகிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து என்னைப் பார்த்தபடி அவள் நடந்து வருவதை நான் எப்போது பார்த்தேன் சொல்? பெட்டி முழுக்கத் தேடினேன், இல்லை. ஒரே வேகத்தில் நாங்கள் சேர்ந்து நடந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

அதனால் அவளை மெதுவாக நடக்கச் சொல்லிவிடாதே கண்ணு. அவள் போகிறபடி போகட்டும். எனக்கு நீ ஒரு இலக்கும் வைக்க வேண்டாம், நானே வைத்துக்கொண்டேன். நேற்று ரேஷன் கடையைத் தாண்டி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய்விட்டேன். நாளைக்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும். எவ்வளவு தூரம் போகிறேனோ, அவ்வளவு சீக்கிரம் அவள் எனக்கு எதிரே வருவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா சொல்ல, அம்மா எழுதியது.